மூன்று படங்களும் நியூயோர்க்கின் ஒன்பது படங்களும்

நினைவிடத்துக்கென்று யாராவது படம் வரைந்து கொண்டுவந்தால், அதில் மழை பெய்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். பெய்வதேயில்லை. வானம் நீலமாக இருக்கும், புல் பச்சையாக இருக்கும், வெள்ளைச் சட்டை போட்ட அப்பா ஒருவர் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போவார். திருகோணமலையில் டிசம்பர் 26 என்றால் நல்ல மாரிகாலம். சுனாமியில் இறந்தவர்களுக்காகக் காலை 9.25க்கு நாடு முழுக்க இரண்டு நிமிட மௌனம் காக்கும்போது, இங்கே பாதிப்பேர் குடைக்குக் கீழேதான் நிற்பார்கள்.

நகருக்கு வடக்கே கரையோரத்தில் ஓர் ஊர். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், அங்கே பேச்சு இன்னும் முடியவில்லை. சுனாமி முடிந்த கையோடு கட்டிய தூபி ஒன்று அங்கே உண்டு. இப்போதைக்கு நிற்கிறது, அவ்வளவுதான். உப்புக்காற்றில் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, கொங்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டது. கம்பிக்கு மேலே ஓர் அங்குலம்கூட மூடல் இல்லை. கடலுக்கு இவ்வளவு கிட்டக் கட்டுவதானால் இரண்டு அங்குலமாவது விட்டிருக்க வேண்டும். மாபிள் பலகையில் வெட்டிக் கறுப்பு மை தடவிய பெயர்கள் பாதிக்கு மேல் அழிந்து போயின. வெட்டின ஆழம் ஒரு அரிசி கிடக்கக் காணாது. ஒரு அம்மா தன் மகனின் பெயரை வாசிக்க முடியாமல் விரலால் தடவித் தடவித் தேடினதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். விரலுக்கும் அது அகப்படவில்லை.

அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதென்று ஊரவர்கள் முடிவெடுத்தார்கள். மூன்று படங்கள் வந்து சேர்ந்தன. நான் அரசாங்க உத்தியோகத்தில் படவரைஞனாக இருந்தவன். பாலம், மதகு, பள்ளிக்கூடக் கட்டடம் என்று வரைந்தே காலம் போனது. "அண்ணை, நீங்கள் ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ" என்று தலைவர் மூன்றையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்றையும் எதை வைத்து ஒப்பிடுவது? எனக்கு உடனே நினைவுக்கு வந்தது நியூயோர்க். அவர்களுடைய காணி 16 ஏக்கர், எங்களுடையது 20 பேர்ச்சுக்குள், அதாவது ஏக்கரில் எட்டிலொன்றுக்குள், அடங்கும். பணத்தைப் பற்றிப் பேசவே தேவையில்லை. இருந்தாலும் உலக வர்த்தக மையம் விழுந்த இடத்தில் என்ன கட்டுவது என்ற சண்டை முழுவதும் வெளிச்சத்தில் நடந்தது. யார் எதை வரைந்தார்கள் என்பது பதிவில் இருக்கிறது. கடைசியில் எது எழும்பியது என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கிடைப்பது படம் வரைகிறவனுக்குப் பெரிய வாய்ப்பு.

முதலில் 2002 ஜூலையில் ஆறு திட்டங்கள் வெளிவந்தன. நினைவுச் சதுக்கம், நினைவுப் பூங்கா, நினைவு முக்கோணம் என்று பெயர்தான் வேறு வேறு. அலுவலக இடம் மட்டும் ஆறிலும் ஒரே அளவு: 11 மில்லியன் சதுர அடி. காரணம் இருந்தது. காணி நியூயோர்க் துறைமுக அதிகார சபையுடையது. லாரி சில்வர்ஸ்டீன் என்ற காணி வியாபாரி கோபுரங்களை 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது 2001 ஜூலையில், அவை விழுவதற்கு ஆறேழு வாரம் முன்னால். போன சதுர அடி திரும்ப வரவேண்டும் என்பது திட்டம் வரைகிறவர்களுக்கு முன்கூட்டியே போட்ட நிபந்தனை. ஜூலை 20ஆம் திகதி ஜேவிட்ஸ் மண்டபத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் கூடி, மேசை மேசையாக இருந்து பார்த்துவிட்டு, ஆறும் சரிவராது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு இதில் பிடித்தது அந்தக் கூட்டம்தான். நிபுணர்கள் கொண்டுவந்து வைத்ததைச் சனம் திருப்பி அனுப்பியது.

பிறகு மறுபடி அழைப்பு விட்டு, ஏழு குழுக்களைத் தெரிந்தார்கள். 2002 டிசம்பர் 18ஆம் திகதி ஒன்பது திட்டங்கள் மக்கள் பார்வைக்கு வந்தன. ஒரு குழு மட்டும் மூன்று கொடுத்திருந்ததால் ஒன்பது.

ஒன்பதையும் விபரிக்கப் போவதில்லை. நோர்மன் பொஸ்டரின் குழு முக்கோண முக்கோணமாக மடிந்த இரட்டைக் கோபுரம் வரைந்தது. மேலே போகப் போக மூன்று இடத்தில் ஒன்றையொன்று தொடும். சனத்துக்கு அது நன்றாகப் பிடித்துப்போனது. ரிச்சர்ட் மையர், பீட்டர் ஐசன்மன் என்று பெரிய தலைகள் சேர்ந்த குழு 1,111 அடியில் ஐந்து கோபுரங்களை நிறுத்திக் குறுக்கே கட்டடங்களால் இணைத்தது. எட்ட நின்று பார்த்தால் பிள்ளைகள் புள்ளடியும் வட்டமும் போட்டு விளையாடக் கீறும் கட்டம் நிமிர்ந்து நிற்பதுபோல இருக்கும். எனக்கு அதைக் கண்ணில் காட்டக் கூடாது. பீற்றர்சன் - லிட்டன்பேர்க் குழு மதில் சூழ்ந்த தோட்டமும் பழைய பாணித் தெருக்களும் போட்டது. மற்றவர்கள் கோபுரங்களுக்குள் முகம் தெரியாமல் போன அந்த ஒன்பதில் ஒழுங்கையைப் பற்றி யோசித்தவர்கள் என்று அவர்களை எண்ணுகிறேன். அவர்கள் வெல்லவில்லை.

இருந்ததுபோலவே இரட்டைக் கோபுரத்தைத் திரும்பக் கட்டு என்று கேட்டவர்களும் இருந்தார்கள். திருமலைக்காரருக்கு இது பழகின பேச்சு. கோணேசர் கோவிலை 1622இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள், கல்லைக் கோட்டைக்கு எடுத்தார்கள். 1963இல் கும்பாபிஷேகம் கண்ட இன்றைய கோவில் பழையதன் நகல் அல்ல. நகல் எடுக்கப் பழைய வரைபடம் யாரிடம் இருந்தது? ஆனால் கோவிலுக்குப் போகிற ஒவ்வொருவரும் இன்றைக்கும் கோட்டை வாசலைக் கடந்துதான் போகவேண்டும். அந்த வாசல் கல்லில் இரட்டைக் கயல் இருக்கிறது. யாரும் போட்டி வைத்துத் தெரிவுசெய்யாத நினைவுச்சின்னம் அது, நானூறு வருடமாக நிற்கிறது.

சரி, நியூயோர்க்குக்கு வருவோம். 2003 பெப்ரவரியில் இரண்டு திட்டங்கள் இறுதிக்கு வந்தன. ஒன்று ரஃபாயெல் வின்யோலி, ஜப்பானிய கட்டடக்கலைஞர் ஷிகெரு பான் முதலியோர் சேர்ந்த திங்க் குழுவினது. பழைய கோபுரங்கள் நின்ற இடத்தின்மேல், அந்த அடித்தளத்தில் முட்டாமல், இரண்டு திறந்த இரும்புச் சட்டக் கோபுரங்கள். உள்ளே உயரத்தில் ஆங்காங்கே நூதனசாலை, கலையரங்கு. மற்றது டானியல் லிபெஸ்கின்டினது. அவர் மேலே பார்ப்பதற்கு முன் கீழே இறங்கிப் பார்த்தார். ஹட்சன் ஆற்றுத் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க நிலத்துக்குள் போட்டிருந்த கொங்கிரீட் தடுப்புச்சுவர், 70 அடி ஆழத்துக்குப் போவது, கோபுரங்கள் விழுந்தும் உடையாமல் நின்றது. அதை மூடாதே, அப்படியே தெரியவிடு என்பதுதான் அவருடைய திட்டத்தின் உயிர். அதோடு அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் வந்த ஆண்டை நினைவுபடுத்த 1,776 அடிக் கோபுரம்.

தெரிவுக்குழு திங்க் குழுவின் பக்கம்தான் சாய்ந்தது. ஆளுநர் ஜோர்ஜ் பட்டாக்கிக்கு அந்தச் சட்டக் கோபுரங்கள் எலும்புக்கூடுகளாகத் தெரிந்தன. முடிவு மாறிப் பெப்ரவரி 27ஆம் திகதி லிபெஸ்கின்ட் வென்றதாக அறிவித்தார்கள். குழு ஒன்று சொல்ல மேலிடம் இன்னொன்று செய்வது எங்கள் அரசாங்கக் கச்சேரிகளில் மட்டும் நடக்கிற காரியம் என்று நினைத்திருந்தால் அதை மாற்றிக்கொள்ளலாம்.

லிபெஸ்கின்ட் திட்டத்தில் ஒளி ஆப்பு என்று ஒன்று இருந்தது. ஒவ்வொரு செப்டெம்பர் 11ஆம் திகதியும், முதல் விமானம் மோதிய 8.46இலிருந்து இரண்டாவது கோபுரம் விழுந்த 10.28 வரை, அந்தச் சதுக்கத்தில் நிழலே விழாது என்று சொன்னார்கள். கேட்க அழகான யோசனை. இலீ அத்தியா என்ற இன்னொரு கட்டடக்கலைஞர் சூரியப் பாதையைக் கணக்குப் பார்த்து, கிழக்கே நிற்கிற ஹோட்டலின் நிழல் அங்கே விழும் என்று காட்டினார். இதைப் படித்த நாளிலிருந்து, படத்தில் சூரியன் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்ப்பது எனக்கு மழைக்கு அடுத்த சோதனையாகிவிட்டது.

வென்ற திட்டத்தில் எது கட்டப்பட்டது என்று பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். 70 அடிப் பள்ளம், வெல்வதற்கு முன்னமே 30 அடியாகச் சுருங்கியிருந்தது. கோபுரத்தைச் சில்வர்ஸ்டீனின் கட்டடக்கலைஞர் டேவிட் சைல்ட்ஸ் எடுத்துக்கொண்டார். 2005இல் பொலிஸ் வந்து தெருவுக்கு மிகக் கிட்ட நிற்கிறது என்று சொல்ல, அது மறுபடி மாறி, அடியில் யன்னலே இல்லாத கொங்கிரீட் பீடம் வந்தது. கடைசியில் 1,776 என்ற எண் மட்டும் அப்படியே மிஞ்சியது.

பள்ளத்தை மூடியவர் வேறொருவர். நினைவிடத்துக்கென்று தனியாக 2003இல் வைத்த போட்டிக்கு 63 நாடுகளிலிருந்து 5,201 படங்கள் வந்தன. 13 பேர் கொண்ட நடுவர் குழுவில் வியட்நாம் போர் நினைவுச்சுவரை வடிவமைத்த மாயா லின் இருந்தார். 2004 ஜனவரியில் தெரிவானது மைக்கல் அராட் வரைந்தது. அவர் அப்போது நியூயோர்க் நகர வீடமைப்பு அதிகார சபையில் வேலை செய்த, பேர் தெரியாத ஆள். அரசாங்கக் கந்தோரில் இருந்து படம் வரைந்த எனக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம். கோபுரங்கள் நின்ற இரண்டு சதுரத்தையும் வெறும் பள்ளமாக விட்டு, நாலு பக்கமும் 30 அடிக்குத் தண்ணீர் விழவிடுவதுதான் அவர் யோசனை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு ஏக்கர். சுற்றிவர நிலத்தைத் தெரு மட்டத்துக்கே உயர்த்தினார். அதாவது, லிபெஸ்கின்டின் மூல யோசனையை அவர் கேட்காமலே மூடிவிட்டார். தடுப்புச்சுவர் இப்போது நிலத்தடி நூதனசாலைக்குள் தெரிகிறது.

அராட்டின் படமும் தப்பவில்லை. முதலில் பெயர்கள் நிலத்தடியில், விழுகிற தண்ணீருக்குப் பின்னால், ஒரு கூடத்தில் இருந்தன. படி இறங்கிப் போய்த்தான் வாசிக்கவேண்டும். 2006இல் செலவு கூடிவிட்டது, பாதுகாப்பும் சிக்கல் என்று அந்தக் கூடங்களையே நீக்கினார்கள். பெயர்கள் மேலே வந்தன, குளத்தின் விளிம்பில், இடுப்பளவு உயரத்தில், சரிவான வெண்கலத் தகட்டில். எழுத்துகளை ஊடுருவ வெட்டியிருப்பதால் இரவில் அவற்றுக்குள்ளால் வெளிச்சம் வரும். வெயிலில் வெண்கலம் சுடாமலும் குளிரில் உறையாமலும் இருக்க உள்ளே ஏற்பாடு இருக்கிறது. பிறந்தநாள் வந்தவரின் பெயரில் ஒரு வெள்ளை ரோஜாவைச் செருகி வைப்பார்கள். எழுத்து ஊடுருவ வெட்டியிருப்பதால்தான் பூக்காம்பு அதில் நிற்கிறது.

என்னைக் கேட்டால் அந்தக் கூடங்களை நீக்கியதுதான் நினைவிடத்தைக் காப்பாற்றியது. நிலத்தடியில் இருந்திருந்தால் பெயரைப் பார்க்க வரிசையில் நிற்கவேண்டி வந்திருக்கும். இப்போது தெருவால் போகிறவன் கைவைத்துவிட்டுப் போகலாம். ஆகவே எந்தப் படத்தையும் ஒரே கேள்வியால் அளக்கலாம் என்று எனக்குப் படுகிறது: பணமும் பொலிசும் குழுவும் சேர்ந்து பாதியை வெட்டின பிறகு என்ன மிஞ்சும்? லிபெஸ்கின்ட் திட்டத்தில் ஓர் எண் மிஞ்சியது. அராட் திட்டத்தில் பள்ளமும் தண்ணீரும் பெயரும் மிஞ்சின, அவருடைய திட்டமே அவ்வளவுதான்.

இனி எங்கள் மூன்று படங்கள்.

முதலாவது கொம்பியூட்டரில் செய்து வந்தது. நீல நிறம் பூசிய 30 அடிக் கொங்கிரீட் அலை, அதற்குள்ளிருந்து மேலே நீளும் கைகள். பின்னால் கடலுக்குள் சூரியன் இறங்குகிறது, விளக்கெல்லாம் எரிகிறது. எங்கள் வெளிக்கடலில் சூரியன் எழும்பும், இறங்காது. இந்தப் படம் வேறெங்கோ ஒரு மேற்குக் கடற்கரைக்கு வரைந்தது. அதைவிடப் பெரிய பிரச்சினை, அந்தக் கரையில் அலையைப் பார்த்தவர்களுக்கு அதைக் கொங்கிரீட்டில் திரும்பக் கட்டிக் கொடுப்பது. வருடா வருடம் அதன் கீழே வந்து நில் என்றால் யார் வருவார்கள்? சோதனைக்கும் நிற்காது. காசு காணாமல் 30 அடியை 12 ஆக்கினால், மிஞ்சுவது ஒரு நீல மேடு. அதற்குள்ளும் கம்பி துருப்பிடிக்கும்.

இரண்டாவது ஒரு பொதுநோக்கு மண்டபம். முகப்பில் பெயர்ப்பலகை. தரப்போகிற கொடையாளி நல்ல மனிதர், ஊருக்கு மண்டபம் தேவை என்பதும் மெய்தான். 11 மில்லியன் சதுர அடியும் யாருக்கோ தேவையாகத்தான் இருந்தது. எனக்கு இதில் பிடித்தது கூரை. டிசம்பரில் மழை வரும் என்று நினைத்து வரைந்தது இது ஒன்றுதான். ஆனால் மண்டபம் என்றால் கலியாணம், கூட்டம், தேர்தல் வாக்குச்சாவடி எல்லாம் வரும். பிளாஸ்ரிக் கதிரைகளை அடுக்க ஒரு சுவர் வேண்டும், அந்தச் சுவர் எதுவாக இருக்கும் என்று எனக்கு இப்போதே தெரியும். படத்தில் இன்னொன்றும் கண்டேன். 'உபயம்' என்று போட்டிருந்த எழுத்து, இறந்தவர்களின் பெயரைவிட இரண்டு மடங்கு பெரிது. நிலாவெளி வீதியில் இருக்கிற போர்க்கால மயானத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கச் சொன்னேன். சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் அங்கே ஒரே அளவுதான்.

மூன்றாவதை ஒரு வாத்தியார் பென்சிலால் கட்டக்கொப்பித் தாளில் வரைந்திருந்தார். இடுப்பளவு உயரத்தில் ஒரு நீளச் சுவர், மேல்பக்கம் சரிவு, அதில் பெயர்கள். பக்கத்தில் இருக்கிற பூவரச மரத்தை வெட்டாமல் அப்படியே விட்டிருந்தார். இந்தத் திட்டத்தையும் மனதுக்குள் பாதியாக வெட்டிப் பார்த்தேன், வெட்ட ஒன்றுமில்லை. சுவரின் நீளத்தைக் குறைத்தாலும் சுவர் சுவர்தான்.

ஆனால் சுவர் கடற்கரைக்குச் சமாந்தரமாகப் போகிறது, பெயர்கள் தரைப்பக்கம். வாசிக்கிறவர் கடலைப் பார்த்துக்கொண்டு குனிய வேண்டும். இதைப் பற்றி ஊரில் கேட்டபோது இரண்டு விதமாகச் சொன்னார்கள். கடலைப் பார்க்கவே மாட்டேன் என்று இருபது வருடமாகக் கரைக்கு வராத பெண்கள் இருக்கிறார்கள். கடலுக்கு முதுகு காட்டி நிற்கப் பயம் என்று சொன்ன ஆண்கள் இருக்கிறார்கள், அவர்களில் தொழிலுக்குப் போகிறவர்களும் உண்டு. ஆகவே சுவரைத் தொண்ணூறு பாகை திருப்பினேன். இப்போது அது கடலை நோக்கி ஓடுகிறது. நிற்கிறவருக்குக் கடல் ஒரு பக்கத்தில் இருக்கும். பார்க்கலாம், பார்க்காமலும் விடலாம். திருப்பினதில் இன்னொரு இலாபம், காலைச் சூரியன் நேரே முகத்தில் அடிக்காது. பிறகு தரைக்கு நூற்றுக்கு இரண்டு சரிவு கொடுத்தேன், தண்ணீர் தேங்காமல் ஓட. இரண்டாவது படத்திலிருந்து கூரையை எடுத்து, சுவருக்கு மேலே ஓட்டுத் தாழ்வாரமாக இறக்கினேன். தூண் மரம், இரும்பு வேண்டாம்.

பெயர்களின் ஒழுங்குதான் இழுபட்டது. நியூயோர்க்கிலும் இதுதான் நடந்தது. அராட் முதலில் ஒழுங்கே இல்லாமல் போட நினைத்தார், குடும்பங்கள் விடவில்லை. கடைசியில் யாரோடு யார் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று உறவினர்களிடம் கேட்டார்கள், 1,200 அளவில் கோரிக்கைகள் வந்தன. கூட வேலை செய்தவர்கள், ஒரே விமானத்தில் போன குடும்பம், நண்பர்கள் என்று 2,983 பெயர்களையும் அடுக்கினார்கள். எங்கள் ஊரில் அகரவரிசை என்றால் தாய் ஒரு மூலையில், பிள்ளை இன்னொரு மூலையில். மதவாரியாக என்று ஒருவர் சொன்னார், அதைப் பெரும்பாலானோர் கேட்கவே விரும்பவில்லை. தமிழ், முஸ்லிம் வீடுகள் ஒரே ஒழுங்கையில் இருந்த இடம் அது. வீட்டு வரிசைப்படி போடுவோம் என்றேன். கரையிலிருந்து எந்த வீடு முதலோ அது முதல். சுனாமி வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா என்கிற பௌர்ணமி நாள், பாடசாலை விடுமுறை. அந்த வீடுகளுக்கு விருந்தாட வந்து இறந்தவர்களும் உண்டு. அவர்கள் எந்த வீட்டில் நின்றார்களோ அந்த வீட்டோடு வருவார்கள்.

ஒரு வீட்டில் மட்டும் பெயர் தரவில்லை. பிள்ளையின் உடல் கிடைக்கவில்லை, தாய்க்கு அவன் எங்கேயோ இருக்கிறான் என்ற எண்ணம் இன்னும் உண்டு. நியூயோர்க்கிலும் ஏறக்குறைய 1,100 பேரின் எச்சம் இன்னும் அடையாளம் காணப்படவில்லை, ஆனால் அவர்கள் பெயர் வெண்கலத்தில் இருக்கிறது. இங்கே அந்தத் தாயைக் கேட்காமல் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் ஒரே நீளப் பலகை என்பதை விட்டுவிட்டு, வீட்டுக்கு ஒரு கல் என்று மாற்றினேன். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பொருந்தும். எந்தக் கல்லையும் மற்றதை உடைக்காமல் கழற்றலாம், பிறகு ஒருநாள் புதிதாக ஒன்றைச் செருகலாம். வாத்தியார் கணக்குப் பார்த்துச் செலவும் குறையும் என்றார். பெரிய பலகை வண்டியில் வரும்போதே உடைவதுதான் வழக்கம்.

படம் இப்போது தலைவரிடம். கொடையாளி இன்னும் மண்டபத்தை விடவில்லை, தைப்பொங்கலுக்குப் பிறகு கூட்டம் வைப்போம் என்கிறார்கள். எனக்கு மிச்சமிருக்கிற தலையிடி கல்வெட்டுக்காரர். கருங்கல்லில் தமிழ் எழுத்தைக் கால் அங்குல ஆழத்துக்கு, விரல் வைத்தால் எழுத்து பிடிபடும்படி, கையால் கொத்தக்கூடிய ஆள் வேண்டும். மெஷினில் மேலால் கீறி மை தடவித் தருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் வேண்டாம். திருமலையிலோ மட்டக்களப்பிலோ வவுனியாவிலோ யாரையாவது தெரிந்தால் எனக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். மாதிரிக்கு ஒரு கல் கொத்துவதற்கான கூலியைக் கையில் வைத்திருக்கிறேன்.